அகலப் பாதம், குறுகிய ஷூ

மலைப்பாதைகளில் ஓடும் இந்தியர்கள், விரல்களுக்கு இடம் தருகிற, குதிகாலை உயர்த்தாத மெத்தை ஷூக்களைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். விரல்களுக்குச் சுகம் உடனே கிடைக்கிறது. கெண்டைக்காலுக்குச் சோதனை சில வாரம் கழித்து வருகிறது.

இந்தியர்களின் பாதம் அகலமானது. தெருவோரம் செருப்பு தைக்கும் எவருக்கும் தெரிந்த இந்த விஷயத்தை எண்களில் நிரூபிக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் கால்களை அளக்க வேண்டியிருந்தது. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் முப்பரிமாண ஸ்கேனர்களை வைத்து இந்த சர்வேயை நடத்தியது. ஐரோப்பியர், அமெரிக்கர் பாதங்களைவிட இந்தியப் பாதங்கள் பொதுவாக அகலமானவை என்பது அதில் தெரிந்தது. இந்தியர்களுக்கென்று தனி அளவுமுறை ஒன்றையும் நிறுவனம் பரிந்துரைத்தது. 'பா' என்பது அதன் பெயர். பாரதம் என்பதன் சுருக்கம்.

அதுவரை நாடு நடந்தது கடன் வாங்கிய அளவுகளில். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் வந்த சைஸ் எண்கள் சுதந்திரத்துக்குப் பிறகும் கடைகளில் நிலைத்தன. அகலம் போதாதவர்கள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி, லேஸை இறுக்கிக் கட்டிச் சமாளித்தார்கள். ஆனால் பிரிட்டிஷ் முறையில் ஒரு சைஸ் கூடினால் நீளம் சுமார் 8.5 மி.மீ. கூடுகிறது. அகலத்தில் கிடைப்பது சொற்பம். விரல்கள் நெரிபடுவது நிற்பதில்லை. முன்னால் காலியிடமும் பின்னால் வழுக்கும் குதிகாலும்தான் மிச்சம்.

அலுவலகம் போய் வருகிறவருக்கு இது சின்னத் தொல்லை. மலையில் 50 கி.மீ. ஓடுகிறவருக்கு அப்படியல்ல. ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஆயிரம் அடிகள். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் பாதம் ஷூவுக்குள் முன்னால் சரிகிறது. நகம் போய் முட்டுகிறது. சுண்டுவிரல் பக்கச் சுவரில் உரசுகிறது. மாலைக்குள் நகம் கறுத்து, கொப்புளம் உடைந்து, பல மாதப் பயிற்சி வீணாகிறது.

இப்படி அவதிப்படுகிறவர்களின் எண்ணிக்கை கூடிவருகிறது. சாலை மாரத்தான்களில் ஓடிப் பழகியவர்கள் மலைப்பாதைகளுக்குத் திரும்புகிறார்கள். மேற்கு வங்கத்தின் சந்தக்பூ முகட்டில் ஐந்து நாட்களில் 100 மைல் கடக்கும் ஓட்டம் 1991ல் தொடங்கியது. அப்போது அது வெளிநாட்டவரின் விசித்திரப் பொழுதுபோக்காகத் தெரிந்தது. இன்று லடாக்கில் கர்துங் லா கணவாயைத் தாண்டி 72 கி.மீ. ஓடுகிறார்கள். புனே அருகே சிங்ககட், ராஜ்கட், தோர்ணா கோட்டைகளை இணைக்கும் பாறைப் பாதையில் ஓடுகிறார்கள். கர்நாடக மலைநாட்டில் காப்பித் தோட்டங்களின் நடுவே இரவிலும் நெற்றி விளக்கோடு ஓடுகிறார்கள். இவர்களிடம் பேச்சு கொஞ்ச நேரத்தில் ஷூவில் வந்து நிற்கிறது.

அந்தப் பேச்சில் அடிக்கடி அடிபடுவது ஒரு குறிப்பிட்ட வகை. குதிகாலும் முன்பாதமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கும். அடியில் தாராளமான மெத்தை. விரல் பகுதி கூராகக் குவியாமல் பாதத்தின் வடிவிலேயே விரிந்திருக்கும். பார்ப்பதற்கு வாத்துக்கால் போலத் தெரிவதால் முதல் பார்வையில் பலருக்குப் பிடிப்பதில்லை. போட்டுப் பார்த்ததும் சிலருக்குக் கழற்ற மனம் வருவதில்லை. இறக்குமதி ஷூ என்றால் விலை சர்வசாதாரணமாக 10,000 ரூபாயைத் தாண்டுகிறது. தவறாகத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை.

மூன்று குணம், மூன்று கணக்கு

கடைக்காரரும் விளம்பரமும் இந்த மூன்று குணங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் வேறு வேலை செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் வேறு விலை உண்டு.

முதலாவது, விரல் பகுதியின் விசாலம். பாதத்தின் மிக அகலமான இடம் விரல்கள் தொடங்கும் எலும்பு மூட்டு. சாதாரண ஷூக்கள் அந்த இடத்திலிருந்தே உள்நோக்கிக் குவியத் தொடங்கிவிடுகின்றன. விசாலமான ஷூவில் பெருவிரல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற விரல்கள் விரிந்து தரையைப் பிடிக்கும். நீண்ட ஓட்டத்தில் பாதம் வீங்கும்போதும் இடம் இருக்கும்.

இரண்டாவது, 'ஜீரோ டிராப்'. ஷூவின் அடிப்பாகம் குதிகாலில் எவ்வளவு உயரம், முன்பாதத்தில் எவ்வளவு உயரம் என்பதன் வித்தியாசத்துக்கு 'டிராப்' என்று பெயர். வழக்கமான ஓட்ட ஷூக்களில் இது 8 முதல் 12 மி.மீ. வரை. அதாவது ஓடுகிறவர் எப்போதும் ஒரு சிறிய ஹை ஹீல்ஸ் மேல் நிற்கிறார். வித்தியாசம் பூஜ்யமானால் வெறுங்காலில் நிற்கும் அதே நிலை.

மூன்றாவது, மெத்தை. இதற்கும் டிராப்புக்கும் சம்பந்தம் கிடையாது. பலர் குழம்புவது இங்கேதான். தடித்த அடிப்பாகம் என்றால் குதிகால் உயரம் என்று நினைக்கிறார்கள். முன்னும் பின்னும் 30 மி.மீ. தடிமன் உள்ள ஷூவும் ஜீரோ டிராப்தான். 4 மி.மீ. தடிமன் உள்ள ரப்பர் செருப்பும் ஜீரோ டிராப்தான். மாறாக, பருமனான மெத்தைக்குப் பெயர்போன ஹோகாவின் பெரும்பாலான ஷூக்களில் 4, 5 மி.மீ. வித்தியாசம் உண்டு.

மூன்றில் விரல் பகுதியின் பலன் உடனடியானது. அதற்கு உடம்பு பழக வேண்டியதில்லை. மெத்தையின் பலனும் உடனே தெரியும், சில சங்கடங்களோடு. ஜீரோ டிராப் மட்டும் கடன் மாதிரி. தவணை கட்டாமல் தப்ப முடியாது.

அடுப்பில் பிறந்த ஷூ

இந்த வகை உருவான கதையே அதன் குணத்தைச் சொல்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஓரெம் என்ற ஊரில் ஓட்டக்காரர்களுக்கான ஷூக்கடை வைத்திருந்த குடும்பத்து இளைஞர் கோல்டன் ஹார்ப்பர். ஷூ போட்டு ஓடும்போதும் வெறுங்காலில் ஓடும்போதும் ஒரே ஆளின் ஓட்டம் மாறுவதைக் கவனித்தார். ரொட்டி வாட்டும் மின் அடுப்பில் ஷூவைச் சூடாக்கிப் பசையை இளக்கி, அடிப்பாகத்தைப் பிரித்து, குதிகாலின் கூடுதல் உயரத்தை நீக்கி மறுபடி ஒட்டினார். கடைக்கு வந்தவர்கள் அதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகளிடம் யோசனை எடுபடாததால் நண்பர்களோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்கியதுதான் ஆல்ட்ரா. அதன் ஷூக்கள் 2011ல் சந்தைக்கு வந்தன. அந்த மாநிலத்துச் சிகரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய 'லோன் பீக்' மலைப்பாதை ஷூவின் அடிப்பாகம் முன்னும் பின்னும் 25 மி.மீ.

அந்த ஆண்டுகள் வெறுங்கால் ஓட்ட மோகத்தின் உச்சம். 2009ல் கிறிஸ்டஃபர் மெக்டூகல் எழுதிய 'பார்ன் டு ரன்' புத்தகம் மெக்சிகோவின் தாராஹுமாரா பழங்குடியினர் மெல்லிய செருப்போடு மலைகளில் ஓடுவதை உலகுக்குச் சொன்னது. 2010ல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழுவின் ஆய்வு 'நேச்சர்' இதழில் வந்தது. வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களில் பலர் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் குதிகாலில் இறங்குகிறவர்களுக்கு ஏற்படும் மோதல் விசை அவர்களுக்கு ஏற்படுவதில்லை என்றது அது. ஐந்து விரல் கையுறை போலிருந்த வைப்ரம் ஷூக்கள் அமோகமாக விற்றன.

மோகம் சீக்கிரமே தெளிந்தது. 2013ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் ஒரு பகுதியினர் 10 வாரங்களில் ஐந்து விரல் ஷூவுக்கு மாறினார்கள். பழைய ஷூவிலேயே ஓடியவர்களைவிட இவர்களில் அதிகம் பேருக்குப் பாத எலும்புகளுக்குள் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. உடல்நலப் பலன் குறித்த விளம்பரங்களுக்கு ஆதாரம் போதாது என்று தொடரப்பட்ட வழக்கை வைப்ரம் 2014ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. குற்றத்தை அது ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு பக்கம் பிரான்சில் 2009ல் பிறந்த ஹோகா எதிர்த்திசையில் போய், தலையணை போன்ற அடிப்பாகத்தோடு மலை ஓட்டக்காரர்களைக் கவர்ந்தது. மெத்தை வைத்த ஜீரோ டிராப் ஷூ இந்த இரண்டு முகாம்களுக்கும் இடையே நடந்த கலப்புத் திருமணம். நிற்கும் நிலை வெறுங்காலின் நிலை. அடியில் கல் குத்தாத சொகுசு. வைப்ரமின் அமெரிக்கப் பிரிவை நடத்திய டோனி போஸ்ட் பின்னர் தொடங்கிய டோப்போ, விரிந்த விரல் பகுதியை வைத்துக்கொண்டு டிராப்பை 0 முதல் 5 மி.மீ. வரை பல அளவுகளில் தந்தது. ஜீரோவின் கொடிபிடித்த ஆல்ட்ராவே 2023ல் 4 மி.மீ. வித்தியாசமுள்ள ஷூவை விற்கத் தொடங்கியது. எல்லாக் காலுக்கும் பூஜ்யம் பொருந்தாது என்பதற்கு இதைவிடப் பெரிய வாக்குமூலம் வேண்டியதில்லை.

காயம் குறையுமா?

இந்தக் கேள்விக்கு லக்சம்பர்க் ஆய்வாளர்கள் நேரடியாகவே பதில் தேடினார்கள். 553 பேருக்கு ஒரே மாதிரி மெத்தை ஷூவைக் கொடுத்தார்கள். டிராப் மட்டும் 10, 6, 0 என்று மூன்று விதம். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஆறு மாதம் கவனித்தார்கள். 2016ல் வெளியான முடிவுப்படி மொத்தத்தில் காயங்களில் வித்தியாசம் இல்லை. ஆனால் உள்ளே பிரித்துப் பார்த்தபோது ஒரு திருப்பம். எப்போதாவது ஓடுகிறவர்களுக்குக் குறைந்த டிராப்பில் காயம் குறைவு. தவறாமல் ஓடுகிறவர்களுக்கு அதிகம்.

காரணம் ஊகிக்கக் கூடியதே. உயர்ந்த குதிகாலில் வருடக்கணக்கில் ஓடியவரின் கெண்டைக்கால் சதையும் குதிகாலோடு அதை இணைக்கும் அகிலிஸ் தசைநாணும் அந்த உயரத்துக்கே பழகியிருக்கும். குதிகால் 10 மி.மீ. கீழே இறங்கினால் தசைநாண் ஒவ்வொரு அடியிலும் கூடுதலாக நீள வேண்டும். வாரத்துக்கு 60 கி.மீ. ஓடுகிறவர் ஒரே நாளில் மாறினால் அந்தக் கூடுதல் இழுப்பு வாரத்துக்கு அறுபதாயிரம் தடவை. முழங்காலில் குறையும் பாரம் கணுக்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் இடம் மாறுகிறது. பாரம் மறைந்துபோவதில்லை. முட்டி வலியால் அவதிப்படுகிறவர்களில் சிலருக்கு இந்த ஷூ வரமாகவும், அகிலிஸ் வலி உள்ளவர்களுக்குச் சாபமாகவும் தெரிவது இதனால்தான்.

மெத்தையைப் பற்றி அதே குழு 2020ல் வெளியிட்ட ஆய்வில் 848 பேர். கடினமான ஷூ அணிந்தவர்களுக்கு மென்மையான ஷூ அணிந்தவர்களைவிடக் காயங்கள் அதிகம். ஆக மெத்தைக்கு ஓரளவு சான்று இருக்கிறது. ஆனால் அது மலைப்பாதைக்கான தீர்ப்பு அல்ல.

விரல்களைப் பொறுத்தவரை இந்தியாவிலேயே நல்ல சான்றுகள் உண்டு. மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992ல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணியும் குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலில் நடந்தவர்களில் 2.8 சதவீதம் பேருக்கு மட்டுமே. முன்பக்கம் மூடிய ஷூ அணிந்தவர்களிடம் இது அதிகமாகவும் செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. தென்னிந்தியாவில் வெறுங்காலில் நடந்தே பழகியவர்களைப் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து 2009ல் எழுதிய கட்டுரை, அவர்களின் முன்பாதம் அகலமாக இருப்பதையும் பாரம் பாதமெங்கும் சீராகப் பரவுவதையும் காட்டியது. சின்ன வயதில் செருப்பில்லாமலோ ரப்பர் செருப்பிலோ ஓடித் திரிந்த இந்தியர் முப்பது வயதில் ஓட்ட ஷூவுக்குள் காலை நுழைக்கும்போது ஏன் திணறுகிறார் என்பதற்கு இது போதிய விளக்கம்.

மலையின் கணக்கு வேறு

தட்டையான சாலையில் 10 மி.மீ. டிராப் பாதத்தை ஏறக்குறைய 3 டிகிரி சாய்க்கிறது. மலைப்பாதையின் ஏற்றம் சுலபமாக 10 டிகிரியைத் தாண்டும். அதாவது தோர்ணாவின் சரிவில் ஷூவின் டிராப்பைவிட மலையின் டிராப்தான் பெரிது. செங்குத்தான ஏற்றத்தில் குதிகால் முன்பாதத்தைவிடக் கீழே போய்விடும். உயர்ந்த குதிகால் அந்த இழுப்பைக் கொஞ்சம் தணிக்கும். ஜீரோ டிராப் துளியும் தணிக்காது. சமதளத்தில் சுகமாகப் பழகியவர்கள்கூட முதல் மலையேற்றத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான்.

இறக்கத்தில் நிலைமை தலைகீழ். விரிந்த விரல் பகுதி நகங்களைக் காப்பாற்றும், ஒரு நிபந்தனையோடு. நடுப்பாதத்தையும் குதிகாலையும் ஷூ கெட்டியாகப் பிடிக்க வேண்டும். முன்னால் விசாலம், பின்னால் தொளதொள என்றால் பாதம் முழுவதுமே முன்னால் ஓடிப் போய் இடிக்கும். அகலமான ஷூவும் விரல் பகுதி விரிந்த ஷூவும் ஒன்றல்ல. முன்னது எல்லா இடத்திலும் அகலம். பின்னது விரல்களில் மட்டும். ஒல்லியான குதிகாலும் விரிந்த விரல்களும் கொண்டவருக்கு அகல ஷூ உதவாது. ஆல்ட்ராவே ஒல்லி, நடுத்தரம், அகலம் என்று மூன்று பாத வடிவங்களில் ஷூ செய்கிறது. பெட்டியில் பிராண்ட் பெயரை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

மெத்தைக்கும் மலையில் இரண்டு முகம். லடாக்கின் நீண்ட ஜீப் பாதைகளிலும் தேயிலை, காப்பித் தோட்டங்களின் மண் சாலைகளிலும் 30 மி.மீ. தடிமன் வரப்பிரசாதம். மணிக்கணக்கில் ஓடிய பிறகும் பாதம் எரியாது. ஆனால் சஹ்யாத்ரியின் உடைந்த கருங்கல் படிகளில் உயரமான மெத்தை கணுக்காலைப் பிசகவைக்கும். தரை காலுக்குத் தெரிவதில்லை. கல்லின் விளிம்பில் மிதித்தால் உயரமே நெம்புகோலாகிவிடுகிறது. அப்படிப்பட்ட பாதைக்கு 20 முதல் 25 மி.மீ. தடிமனும், கூர்க்கல் குத்தாமலிருக்க அடியில் ஒரு மெல்லிய தகடும் போதும்.

இன்னொரு நுணுக்கம், மெத்தை அமுங்கும். மிக மென்மையான ஜீரோ டிராப் ஷூவில் கனமான ஒருவர் குதிகாலை ஊன்றி இறங்கினால் பின்பக்கம் முன்பக்கத்தைவிடத் தாழ்ந்துவிடும். பெட்டியில் பூஜ்யம், காலடியில் பூஜ்யத்துக்கும் கீழே. மெத்தை பழசாகி ஒரு பக்கமாக நைந்துபோனாலும் இதே கதை. கட்டைவிரலால் அழுத்தினால் உடனே குழிந்து மெதுவாக எழும் மெத்தையைவிட, கொஞ்சம் உறுதியாக எதிர்க்கும் மெத்தையே இந்த வகைக்கு நல்லது.

கடையில் என்ன செய்வது?

* மாலையில் போங்கள். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போது போடும் அதே காலுறையைக் கொண்டுபோங்கள்.

* வெள்ளைத் தாளில் நின்று இரண்டு பாதங்களையும் பென்சிலால் வரைந்துகொள்ளுங்கள். நீளத்தையும் மிக அகலமான இடத்தையும் மில்லிமீட்டரில் அளந்து வையுங்கள். இரண்டு பாதங்களும் ஒன்றுபோல் இருப்பது அபூர்வம். பெரிய பாதத்துக்கு வாங்குங்கள்.

* ஷூவுக்குள் இருக்கும் அட்டையை வெளியே எடுத்து, தரையில் வைத்து, அதன் மேல் நில்லுங்கள். விரலோ பாதத்தின் ஓரமோ அட்டையைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ வேண்டாம். ஷூவுக்குள் அந்தச் சதை சுவரில்தான் நெரிபடும். ஆயிரம் விளம்பரத்தைவிட இந்த ஒரு சோதனை மேல்.

* நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நீளமானது எல்லோருக்கும் பெருவிரல் அல்ல. பலருக்கு இரண்டாவது விரல்.

* கடையில் படிக்கட்டோ சாய்தளமோ இருந்தால் வேகமாக இறங்கிப் பாருங்கள். விரல் முன்னால் இடித்தால் முதலில் லேஸின் கடைசித் துளையையும் பயன்படுத்தி குதிகாலைப் பூட்டுங்கள். அப்போதும் இடித்தால் வேறு வடிவம் தேடுங்கள். வேறு சைஸ் அல்ல.

* அடிப்பற்களைப் பாருங்கள். மழைக்காலச் சேற்றுக்கு 4, 5 மி.மீ. ஆழமும் இடைவெளியும் உள்ள பற்கள். காய்ந்த பாறைக்கும் ஜீப் பாதைக்கும் ஆழம் குறைந்த, நெருக்கமான பற்கள். ஈரக் கருங்கல்லில் பற்களைவிட ரப்பரின் பிடிமானமே முக்கியம்.

* டிராப் எவ்வளவு, அடிப்பாகத் தடிமன் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் கேளுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடும் விற்பனையாளரை நம்பவேண்டாம்.

* தபாலில் வரவழைப்பதானால் திருப்பி அனுப்பும் வசதி இருக்கும் இடத்தில் வாங்குங்கள். வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரிட்டிஷ், அமெரிக்க, ஐரோப்பிய எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. பல கம்பெனிகள் அட்டையில் சென்டிமீட்டர் அளவும் அச்சிடுகின்றன. அதுவே நம்பகமானது.

யார் அவசரப்படக் கூடாது?

ஜீரோ டிராப் வாங்குவதற்கு முன் ஓர் எளிய சோதனை உண்டு. சுவரைப் பார்த்து நின்று, பெருவிரல் நுனியைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வையுங்கள். குதிகாலைத் தரையிலிருந்து தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொட முடிகிறதா? முடிந்தால் கணுக்கால் வளைவு போதும். குதிகாலை ஊன்றி முழுமையாகக் குந்தி உட்கார முடிவதும் நல்ல அறிகுறி. நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் பழகிய நகரவாசிகள் பலர் இந்தத் திறமையை இழந்திருக்கிறார்கள். முடியாதவர்கள் 4 மி.மீ. டிராப்பில் தொடங்குவது புத்திசாலித்தனம். விரிந்த விரல் பகுதி அதிலும் கிடைக்கிறது.

அகிலிஸ் வலி உள்ளவர்கள், குதிகால் அடியில் காலையில் குத்துவலி வருகிறவர்கள், அடுத்த சில வாரங்களில் போட்டிக்குப் பெயர் கொடுத்திருப்பவர்கள் இப்போதைக்கு மாறவேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு விசாலமான விரல் பகுதி நல்லதே. ஆனால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் எந்த மாற்றத்துக்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். புதிய ஷூ எங்கே உரசுகிறது என்பதை அந்தப் பாதம் சொல்லாது.

மாறுகிறவர்களுக்குப் பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்லும் வழி நிதானமானது. முதல் இரண்டு வாரம் நடக்க மட்டும். பிறகு வாரத்தில் ஓடும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் புதிய ஷூவில், அதுவும் சமதளத்தில். உடம்பு முனகாமல் இருந்தால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம். மலை ஏற்றம் கடைசியில். மூன்று மாதம் பிடிப்பது சகஜம். சிலருக்கு ஆறு மாதம். பழைய ஷூவைத் தூக்கி எறியாமல் மாற்றி மாற்றிப் போடலாம். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றும் பயிற்சி கெண்டைக்காலைத் தயார் செய்யும்.

கெண்டைக்காலில் களைப்பு மாதிரியான வலி எதிர்பார்க்கக் கூடியது. ஒன்றிரண்டு நாளில் போய்விடும். காலையில் எழுந்ததும் அகிலிஸ் விறைத்துக்கொள்வதும், முன்பாதத்தில் விரல் வைத்துக் காட்டும்படி ஓரிடத்தில் மட்டும் வலிப்பதும் வேறு ரகம். பின்னது எலும்பில் நுண்ணிய முறிவின் தொடக்கமாக இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரம் அது.

செலவையும் யோசிக்க வேண்டும். ஓட்ட ஷூவின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கி.மீ. கற்பாதையில் அதுவும் குறையும். 12,000 ரூபாய் ஷூ 600 கி.மீ. உழைத்தால் கிலோமீட்டருக்கு 20 ரூபாய். பழகும் மாதங்களில் நடந்து தேய்க்கும் தூரமும் இந்தக் கணக்கில் சேரும். ஆகவே விரல் நெரிபடுவது மட்டுமே பிரச்சினை என்றால் பூஜ்யத்துக்குத் தாவ வேண்டிய அவசியமே இல்லை. ஏற்கெனவே பழகிய டிராப்பில், '2இ', '4இ' என்று அகலக் குறியீடு போட்ட ஷூ வாங்கினாலே பலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஆண்களுக்கு 'டி', பெண்களுக்கு 'பி' என்பது வழக்கமான அகலம். கடைகளில் அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி அதுதான்.

ஒரு லட்சம் கால்களை அளந்த பிறகு தெரிந்த உண்மை பாதத்துக்கு ஏற்ப ஷூ மாற வேண்டும் என்பது. விரல் பகுதியைப் பொறுத்தவரை அது நியாயமான கோரிக்கை. வாங்குகிறவர் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. டிராப் விஷயத்தில் மாற வேண்டியது பாதமும் கெண்டைக்காலும். அவற்றுக்கு அவகாசம் கொடுப்பவர்களுக்கு மட்டுமே அந்த ஷூ கொடுத்த காசுக்கு உழைக்கும்.